கல்வராயன் மலையும் வானொலிக்கு வேண்டிய பொதுப்பணமும்

1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், உலகெங்கும் பரவியிருந்த பொருளாதார மந்தத்தின் பிடியில் சிக்கிய இந்திய சர்க்கார், எங்கெல்லாம் செலவைச் சுருக்கலாம் என்று கணக்குகளைப் புரட்டிக்கொண்டே வந்து, பம்பாயிலும் கல்கத்தாவிலும் தன் பொறுப்பில் நடந்துவந்த இரண்டு ஒலிபரப்பு நிலையங்களையும் மூடிவிடுவது என்று தீர்மானித்தது. உரிமக் கட்டணத்தால் வந்த வரவு செலவுக்குக் கட்டிவரவில்லை என்பதே காரணம். அன்றைய இந்தியா முழுவதிலும் உரிமம் பெற்ற வானொலிப் பெட்டிகள் பத்தாயிரத்தை எட்டவில்லை. வைத்திருந்தவர்களும் பெரும்பாலும் நகரவாசிகள், வசதி படைத்தவர்கள். ஆயினும் அறிவிப்பு வெளிவந்த மாத்திரத்தில், முக்கியமாக வங்காளத்தில், கேட்பவர்களும் வானொலிப் பெட்டி வியாபாரிகளும் எழுப்பிய கண்டனம் சர்க்கார் எதிர்பாராத அளவுக்கு வலுத்தது. நவம்பர் 23ஆம் தேதி, மூடும் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், ஒலிபரப்பை அரசின் நிர்வாகத்திலேயே தொடர்ந்து நடத்துவது என்ற இறுதி முடிவு எடுக்கப்பட்டது. பின்னாளில் அகில இந்திய வானொலி என்று வளர்ந்த ஸ்தாபனம், பிறந்து நடை பழகும் பருவத்திலேயே மாண்டுபோகாமல் காத்தவர்கள், எண்ணிக்கையில் மிகச் சிலராயிருந்த அந்தக் கேட்பவர்களே.

தனியார் முதலும் சந்தாவும் ஒலிபரப்பைத் தாங்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருமுறை பொய்த்துப்போயிருந்தது. 1924ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நிறுவிய சென்னை மாகாண வானொலி மன்றம், சிறியதொரு ஒலிபரப்பியைக் கொண்டு சங்கீதமும் சொற்பொழிவும் ஒலிபரப்பத் தொடங்கி, பணமுடையால் 1927இல் ஓய்ந்தது. அதே 1927ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி பம்பாயில் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனி, மூன்று ஆண்டுகள்கூட நிறைவதற்கு முன்பே, 1930 மார்ச் மாதத்தில் கலைக்கப்பட்டது. சென்னையில் செட்டியாரின் மன்றம் விட்டுச்சென்ற கருவிகளை ஏற்றுக்கொண்டு, 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது அந்நகரின் மாநகராட்சி. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரையில், எட்டு ஆண்டுகள், ஒரு நகரசபை தன் வரிப்பணத்திலிருந்து அக்குரலைக் காப்பாற்றி வந்தது. சந்தாவில் நடந்த மன்றம் நின்றது. முதலீட்டில் நடந்த கம்பெனி விழுந்தது. வரிப்பணத்தில் நடந்தது நிலைத்தது. இது யாருடைய கொள்கையையும் நிரூபிப்பதற்காக நடந்த பரிசோதனை அல்ல. ஆனாலும் இதைவிடத் தெளிவான பரிசோதனையை வேண்டுமென்றே நடத்தியிருந்தாலும் செய்திருக்க முடியாது.

இந்தப் பழைய விஷயத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வாசகர்களை முன்னிட்டு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பொது ஒலிபரப்பு என்பது சென்னைக்கோ டில்லிக்கோ உரிய விவகாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. என் அபிப்பிராயம் இதற்கு நேர் எதிரானது. பெரிய நகரங்களில் வாழ்பவர்களுக்குச் செய்தியும் பாட்டும் பொழுதுபோக்கும் தர எத்தனையோ வியாபார ஸ்தாபனங்கள் போட்டியிட்டுக்கொண்டு காத்திருக்கின்றன. பொதுப்பணத்தால் நடக்கும் ஒலிபரப்பு குன்றினால், அந்த இழப்பை முதலிலும் முழுமையாகவும் அனுபவிக்கப் போகிறவர்கள் வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் கச்சிராயபாளையத்திலும் இருப்பவர்கள்தாம். ஆகவே, அந்தப் பணத்துக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர்களுள் முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்களும் அவர்களே.

கல்வராயன் மலைத்தொடர், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில், முக்கியமாகக் கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கு இடையே பரவிக் கிடக்கிறது. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் 4,000 அடி உயரமும் உடையவை. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயரைக் கேட்டதும் வெளியூரார் எண்ணிக்கொள்வதுபோல் கேரளத்தவர் அல்லர்; காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் மக்கள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்பும், 1970களின் நடுப்பகுதி வரையில், சடையகவுண்டன், குரும்பகவுண்டன், அரியகவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் அதிகாரத்தின் கீழ் இம்மலை இருந்தது. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய் ஆகியவை இவர்களின் ஜீவனம். தென் ஆற்காடு மாவட்டமாக இருந்தபோதும், 1993இல் விழுப்புரம் மாவட்டமானபோதும், 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, கல்வராயன் மலை ஒரு வட்டமாக உயர்ந்தபோதும், இப்பகுதிக்கென்று நிகழ்ச்சி தயாரிக்கும் வானொலி நிலையம் ஒன்று அமையவில்லை. 1939 முதல் ஒலிக்கும் திருச்சியையும், 1967 செப்டம்பரில் தொடங்கிய புதுச்சேரியையும், இவற்றுக்கெல்லாம் மூத்த சென்னையையும் நம்பியே இந்த ஜனங்கள் வானொலி கேட்டு வந்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரத்திலிருந்து மலைக்குள் குரல் வந்து சேர்ந்தது எப்படி என்பதை அறிந்துகொள்வது அவசியம். பணத்தைப் பற்றிய வாதத்தின் பாதி அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. மத்திய அலையில் ஒலிபரப்பும் நிலையத்தின் அலைநீளம் முந்நூறு, நானூறு மீட்டர். அத்தகைய அலை நிலத்தோடு ஒட்டிச் சென்று, மேடுபள்ளங்களை ஓரளவு வளைந்து கடந்து, மாவட்டங்களைத் தாண்டிச் செல்லும். பண்பலையின் அலைநீளமோ சுமார் மூன்று மீட்டர். ஒலி துல்லியம், இரைச்சல் குறைவு, ஆனால் கண்ணுக்கு எட்டும் கோட்டிலேயே பெரும்பாலும் செல்வதால், குறுக்கே ஒரு மலைமுகடு நின்றால் அதற்கு அப்பாலிருக்கும் பள்ளத்தாக்கு ஊமையாகிவிடும். மலைப்பாதையின் வளைவுகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வரும் இளைஞர், செவிக்கருவியின் கம்பியே ஏரியலாக வேலை செய்வதால் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒரு திருப்பத்தில் குரல் கணீரென்று கேட்கும், அடுத்த திருப்பத்தில் சலசலப்பு, அதற்கடுத்த திருப்பத்தில் ஒன்றுமில்லை.

தேசமெங்கும் மத்திய அலை ஒலிபரப்பிகள் பழமையடைந்து, பராமரிப்புச் செலவு மிகுந்ததால் படிப்படியாக ஓய்வு கொடுக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் இடத்தில் பண்பலை விரிவாக்கப்படுகிறது. 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை, ஒலிபரப்பு உள்கட்டமைப்புக்கென 2,539 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி, 84 மாவட்டங்களில் 91 பண்பலை ஒலிபரப்பிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. வரவேற்க வேண்டிய காரியமே. ஆனால் அவை ஒவ்வொன்றும் நூறு வாட் திறன் கொண்டவை. ஒரு சிறு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எட்டக்கூடியவை. சமவெளிக்கு அது போதும். மடிப்பு மடிப்பாக மலை மடிந்து கிடக்கும் பிரதேசத்தில், ஒரு மத்திய அலை நிலையம் தனியே செய்த வேலையைச் செய்யப் பல பண்பலை ஒலிபரப்பிகள் வேண்டும். அவற்றுக்குக் கோபுரமும் மின்சாரமும் பராமரிப்பு ஊழியரும் வேண்டும். வானொலி மக்கள்தொகையில் 99.19 சதவீதத்தை எட்டுகிறது என்று சர்க்காரின் அறிக்கைகள் கூறுகின்றன. பரப்பளவில் கணக்கிட்டால் அது சுமார் 92 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் காடும் மலையும் இருக்கின்றன.

வானொலி ஒரு காலத்தில் கிராமத்தில் எவ்வாறு வாழ்ந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தை ஒட்டி ஒரு சிறு அறை. அதற்குள் பூட்டிய மரப்பெட்டியில் வானொலி. வெளியே உயர்ந்த கம்பத்தின் உச்சியில் கூம்பு ஒலிபெருக்கி. மாலை மயங்கும் நேரத்தில் சாவி வைத்திருப்பவர் வந்து திறப்பார். வேலை முடித்தவர்கள் துண்டை உதறித் தரையில் விரித்து உட்காருவார்கள். செய்தியும் சந்தை நிலவரமும் கிராம நிகழ்ச்சியும் ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கேட்டதைப் பற்றிய விவாதம் பெட்டியைப் பூட்டிய பிறகும் தொடரும். 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் தஞ்சைத் தரணியில் பரவியபோது, அதைப் பற்றித் திருச்சி நிலையம் விடாமல் எடுத்துச் சொன்னதால், விவசாயிகள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். எந்த விளம்பரக் கம்பெனியும் அந்தப் பெயரைச் சூட்டவில்லை, சூட்டியவர்கள் உழவர்கள்.

அது கடந்த கால மகிமை மட்டும் அன்று என்பதற்குக் கல்வராயன் மலையடிவாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. மரவள்ளி இப்பகுதியின் பணப்பயிர். அதை நம்பி ஆத்தூரிலும் சேலத்திலும் ஜவ்வரிசி ஆலைகள் இயங்குகின்றன. 2020ஆம் ஆண்டில் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவில் தமிழ்நாட்டு வயல்களிலும் புகுந்தது. குருத்தில் வெண்மாவு படிந்தாற்போல் அடையும். இலைகள் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடியின் தலை கொத்தாகக் குறுகிவிடும். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு சிறுத்திருக்கும். இப்பூச்சிக்கு எதிரியான அனாகைரஸ் லோபெசி என்ற நுண்ணிய குளவியை, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, 2022 மார்ச் மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து ஏத்தாப்பூர் தொலைவில் இல்லை. இனி இந்தக் குளவியால் பயன் விளைய வேண்டுமானால், விவசாயி ஒரு காரியத்தைச் செய்யாமல் இருக்க வேண்டும்; பூச்சியைக் கண்டதும் கடைக்காரர் தரும் மருந்தை வாங்கி அடிக்கக் கூடாது, அடித்தால் பூச்சியோடு குளவியும் சாகும். மருந்து விற்பவர் இதைச் சொல்லப் போவதில்லை. விளம்பரத்தால் வாழும் வானொலிக்கும் இதைச் சொல்வதில் லாபமில்லை. குளவி வெளியிட்ட வாரத்திலிருந்து அறுவடை வரையில், விஞ்ஞானியையும் பயன் கண்ட விவசாயியையும் மாற்றி மாற்றிப் பேசவைத்து, மலையாளி மக்களின் பேச்சு வழக்கிலேயே, திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வதற்கு லாபத்தைக் கருதாத ஒரு குரல் வேண்டும். பொதுப்பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இந்தக் குளவிதான்.

இரண்டாவது பதில் துயரமானது. 2022 ஜூலை 17ஆம் தேதி, சின்னசேலம் அருகே கனியாமூரில், ஒரு மாணவியின் மரணத்தையொட்டித் திரண்ட கூட்டம் பள்ளியைச் சூறையாடிப் பேருந்துகளுக்குத் தீ வைத்தது. வாட்ஸ்ஆப் குழுக்களின் வழியே ஆட்கள் திரட்டப்பட்டார்கள் என்பது காவல்துறை விசாரணையில் வெளிப்பட்டது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சாவுக்குக் காரணம் என்ன என்பது குறித்து முதல் நாளில் முரண்பட்ட செய்திகள் உலவிய அந்த மணி நேரங்கள் எவ்வளவு விலையுயர்ந்தவை என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதைக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையால் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டபோது, திருக்கோயிலூர் வட்டத்துக் கரையோர மக்கள் பெரும்பாலும் உறக்கத்தில் இருந்தார்கள். மின்சாரம் போன பின்பு, கைப்பேசிக் கோபுரம் செயலற்ற பின்பு, இரண்டு பேட்டரிகளில் ஓடும் ஒரு சிறு பெட்டி எத்தகைய துணை என்பதைப் புயல் கண்ட ஊர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில், பலர் அறியாத ஒரு சட்ட நிலைமையைக் குறிப்பிட வேண்டும். இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணி எனப்படும் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. சமுதாய வானொலிகளுக்கும் நிலைமை இதுவே. தொலைக்காட்சியில் நூற்றுக்கணக்கான செய்தி அலைவரிசைகள் இருக்க, வானொலியில் மட்டும் செய்தி சொல்லும் உரிமை ஒரே ஸ்தாபனத்திடம் இருக்கிறது. இந்த ஏகபோகம் நியாயமானதுதானா என்பது வேறு விவாதம். என்னைக் கேட்டால் அது தளர்த்தப்பட வேண்டியதே. ஆனால் அது நீடிக்கும் வரையில், ஆகாசவாணியின் ஒரு நிலையத்தில் உள்ளூர்ச் செய்தி நேரம் குறைக்கப்பட்டால், அந்தச் செய்தியை வானொலியில் வேறு எவரும் ஈடுசெய்ய முடியாது என்பதை மறுக்க இயலாது.

செலவோ எவ்வளவு? ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்கு ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் சமீப ஆண்டுகளில் ஒதுக்கப்பட்டுவரும் தொகை 2,500 கோடி ரூபாய்க்கு மேல். கேட்பதற்குப் பெரிய தொகைதான். 140 கோடி ஜனங்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இருபது ரூபாய். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் 2025இல் பிபிசிக்காகச் செலுத்திய உரிமக் கட்டணம் 174.50 பவுண்டு. நம் நாட்டிலும் முன்பு வானொலி உரிமம் இருந்தது. தபால் நிலையத்தில் பணம் கட்டிச் சிறு புத்தகத்தில் முத்திரை பெற்றுக்கொண்ட தலைமுறை இன்னும் மறையவில்லை. 1980களின் நடுவில் அக்கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டது. ஏழைகளுக்கு அது நிம்மதி. ஆனால் கேட்பவருக்கும் நிலையத்துக்கும் நேரடியாக இருந்த ஒரே பணத்தொடர்பும் அதோடு அறுந்துபோய், வானொலியின் ஜீவன் நிதியமைச்சகத்தின் ஏட்டுக்குள் அடங்கிவிட்டது.

அந்த ஏட்டில் நிகழும் சுருக்கம் ஓசையின்றி நிகழக்கூடியது. 2012இல் ஒன்றிய அரசு, 2007 அக்டோபர் 5ஆம் தேதிவரை பணியில் சேர்ந்த ஊழியர்களின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் முழுமையாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றுச் செல்லச் செல்ல, அவர்களின் பொருட்டு வரும் மானியமும் இயல்பாகவே குறையும். அவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டால், எவரும் எதையும் மூடுவதாக அறிவிக்காமலே நிலையங்கள் வெறுமையாகிவிடும். இப்போதே அன்றாட ஒலிபரப்பின் பெரும்பாரத்தைச் சுமப்பவர்கள், வேலை நாளுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் பகுதிநேர அறிவிப்பாளர்கள். 2018 டிசம்பரில், ஆகாசவாணியின் தேசிய அலைவரிசையையும் ஐந்து நகரங்களிலிருந்த பயிற்சி நிலையங்களையும் மூடும் உத்தரவு வந்தபோது, செலவுக் குறைப்பே காரணமாகக் கூறப்பட்டது. 1931இல் ஒரே உத்தரவால் செய்ய முயன்றதை, இக்காலத்தில் பல சிறு உத்தரவுகளால் செய்ய முடியும். அதை எதிர்த்துத் திரள்வதும் அந்த அளவுக்குக் கடினம்.

அரசு பணம் கொடுத்தால் அரசின் குரலாகத்தானே இருக்கும், அதற்காக நாம் ஏன் போராட வேண்டும் என்ற கேள்வியை எவரும் தட்டிக்கழிக்கக் கூடாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 முதல் 1977 வரை, வானொலி ஆளும் தரப்பின் ஊதுகுழலாக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. இன்றும் செய்தியறிக்கைகளில் மந்திரிகளின் திறப்பு விழாக்களுக்குக் கிடைக்கும் இடம், குடிநீர் கேட்டுச் சாலையில் அமர்ந்த ஜனங்களுக்குக் கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானதே. ஆனால் இக்குறைக்குப் பரிகாரம் பணத்தை நிறுத்துவதா, பணத்துக்கும் குரலுக்கும் இடையே ஒரு சுவரை எழுப்புவதா என்று யோசிக்க வேண்டும். அந்தச் சுவரின் வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. பி. ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978இல் தன்னாட்சி கொண்ட ஒலிபரப்பு அமைப்பைப் பரிந்துரைத்தது. 1990இல் பிரசார் பாரதிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 1997 செப்டம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்து, நவம்பர் 23இல் பிரசார் பாரதி அமைந்தது; அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒலிபரப்பைக் காப்பாற்றிய உத்தரவும் அதே தேதியில் பிறந்தது என்பது தற்செயலே ஆயினும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு, உண்மையான செய்தியைத் தடையின்றிப் பெறும் பிரஜையின் உரிமையைக் காப்பதையும், விவசாயம், கல்வி, சுகாதாரம் ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்துவதையும், பழங்குடியினர், எட்டாத தொலைவில் வாழ்வோர் ஆகியோரின் நலத்தையும் அந்த அமைப்பின் நோக்கங்களாக வகுக்கிறது. 17ஆம் பிரிவு, அதற்கு ஒன்றிய அரசு நிதி வழங்க வழிசெய்கிறது. ஒலிபரப்பைக் கண்காணிக்க ஒரு நாடாளுமன்றக் குழுவும், கேட்பவரின் புகார்களை விசாரிக்க ஓர் ஒலிபரப்பு மன்றமும் சட்டத்தில் கூறப்பட்டன. அவை இன்றுவரை முறையாக உயிர் பெறவில்லை. மானியத்தைக் காக்கத் திரள்பவர்கள் இந்த மன்றத்தையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். பணத்தை மட்டும் கேட்டால் நாம் சர்க்காரின் கட்சிக்காரர்கள் என்ற பழிக்கு ஆளாவோம். சுதந்திரத்தை மட்டும் கேட்டால், பணமில்லாத சுதந்திரம் மலையேறி வராது.

வெளிநாடுகளில் இத்தகைய திரட்சிகள் என்ன சாதித்தன என்பதையும் பார்க்கலாம். மலைநாடான சுவிட்சர்லாந்தில், ஒலிபரப்புக் கட்டணத்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்ற பிரேரணை 2018 மார்ச் 4ஆம் தேதி மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 71.6 சதவீதத்தினர் அதை நிராகரித்தார்கள். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூடப் பேசாத ரொமான்ஷ் மொழிக்கும் அங்கே வானொலி உண்டு. வியாபாரக் கணக்கில் அதற்கு இடமே இராது. கிரேக்கத்தில் 2013 ஜூன் 11ஆம் தேதி இரவு அரசு தன் ஒலிபரப்பு ஸ்தாபனத்தைத் திடீரென்று மூடியபோது, ஊழியர்கள் உள்ளேயே இருந்து இணையத்தின் வழியே ஒலிபரப்பைத் தொடர, ஜனங்கள் வாசலில் திரண்டார்கள். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து அது மீண்டும் திறக்கப்பட்டது. 2011இல் பிபிசியின் ஹிந்தி சிற்றலை ஒலிபரப்பு நிற்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது, இந்தியாவின் எழுத்தாளர்களும் கேட்பவர்களும் எழுப்பிய குரலால் அது மேலும் சில ஆண்டுகள் உயிர் பிழைத்தது. 1941 முதல் ஒலித்த பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றது. எல்லாத் திரட்சியும் வெல்வதில்லை என்பதற்கு அமெரிக்கா சாட்சி: 2025 ஜூலையில் அந்நாட்டு காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது, 1967 முதல் அப்பணத்தைப் பகிர்ந்தளித்துவந்த கழகம் அடுத்த மாதமே தன்னைச் சுருட்டிக்கொள்வதாக அறிவித்தது. அடி பலமாக விழுந்தது நியூயார்க்கின் பெரிய நிலையங்களின் மீதன்று. அலாஸ்காவின் கிராமங்களிலும் பூர்வகுடிகளின் பிரதேசங்களிலும் இருந்த சிறு நிலையங்களின் மீதே.

கள்ளக்குறிச்சியில் இதை எங்கிருந்து தொடங்குவது? நாடாளுமன்றத் தொகுதியின் அமைப்பு நமக்குச் சாதகமாக இருக்கிறது. ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்ட கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதி, மாவட்ட எல்லையைத் தாண்டி, கல்வராயன் மலையின் இரு பக்கங்களையும் ஒரே உறுப்பினரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வருகிறது. அதற்கு முன்பே மலையிலிருந்து எழுத்துபூர்வமான வேண்டுகோள் போய்ச் சேர வேண்டும்; வெறும் கையெழுத்துக் குவியலாக அல்லாமல், எந்தக் குக்கிராமத்தில் எந்த நிலையம் எந்த நேரத்தில் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்ற விவரத்தோடு போக வேண்டும். இந்த அளவீட்டுக்கு நிபுணர் தேவையில்லை. பேட்டரிப் பெட்டி ஒன்றும் நோட்டுப்புத்தகம் ஒன்றும் கொண்டு, உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களின் துணையோடு ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடக் கூடிய வேலை இது. ஒலிபரப்பிகளின் திறன், இயங்கும் நேரம், காலிப் பணியிடங்கள் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், சாலை, குடிநீர் பற்றிய தீர்மானங்களோடு இதையும் ஒரு தீர்மானமாக நிறைவேற்றலாம்.

கேட்க வேண்டியவையும் திட்டவட்டமாக இருக்கட்டும். வெள்ளிமலைப் பக்கம் ஒன்றும் கருமந்துறைப் பக்கம் ஒன்றுமாக, முகடுகளின் மேல் இரண்டு ஒலிபரப்பிகள். உதகமண்டலம் நிலையம் படுகர், தோடர் முதலியோரின் பாட்டுக்கும் பேச்சுக்கும் இடம் தருவதுபோல், மலையாளி மக்கள் தாங்களே பேசும் தினசரி நிகழ்ச்சி ஒன்று. அதைத் தயாரிக்க மலையிலேயே பயிற்சி பெற்ற இளைஞர்கள், நாள்கூலியாக அல்லாமல் நிலையான ஊதியத்தில். அணை திறப்பு, புயல் எச்சரிக்கை ஆகியவற்றுக்கு இரவு முழுவதும் அணையாத ஒலிபரப்பு. இவற்றின் செலவு, எந்த மந்திரி மாறினாலும் மாறாதவாறு ஐந்தாண்டு ஒதுக்கீடாக மானியக் கோரிக்கையில் தனி இனமாகக் காட்டப்படுதல். 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றித் தானாகவே வழக்கெடுத்து விசாரிக்க முன்வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை என்று அங்கே விவாதிக்கப்படும் தேவைகளின் வரிசையில் வானொலியையும் சேர்க்குமாறு மனு கொடுக்க எந்தத் தடையும் இல்லை. அடுத்த மானியக் கோரிக்கை பிப்ரவரி மாத வரவுசெலவுத் திட்டத்தோடு வரும். அதற்கு முந்திய கிராம சபை ஜனவரி 26ஆம் தேதி.